விற்பவர் சொல்லும் நியர் மிண்ட், ஸ்லாபில் வரும் நியர் மிண்ட்: கார்டின் நிலையை நாமே கணிப்பது எப்படி?

மஞ்சள்பார்டர் கேட்டது:

வணக்கம். கிரேடிங்குக்கு (நிறுவனம் கார்டின் நிலையைப் பார்த்து எண் போட்டு, ஸ்லாப் என்ற பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருவது) அனுப்பும் முன் கார்டுகளை வீட்டிலேயே வடிகட்டிப் பார்க்க வேண்டும். போகிமான் ஹோலோக்களும் (பளபளக்கும் படலம் உள்ள கார்டுகள்) பழைய பேஸ்பால் கார்டுகளும் கலந்த கட்டு. மூன்று இடத்தில் குழப்பம்.

முதலில் சொற்கள். விற்பனைத் தளத்தில் "நியர் மிண்ட்" என்று போடுகிறார்கள். பி.எஸ்.ஏ என்ற கிரேடிங் நிறுவனத்தின் அளவுகோலில் 7-க்கும் பெயர் நியர் மிண்ட்தான். இரண்டும் ஒன்றா? ஒன்று என்றால், 10 வாங்கக்கூடிய கார்டையும் ஏன் அதே பெயரில் விற்கிறார்கள்?

அடுத்து சென்டரிங், அதாவது படம் கார்டின் நடுவில் இருக்கிறதா என்பது. 55/45, 60/40 என்கிறார்கள். எதை எதால் வகுப்பது? கண்ணுக்கு நடுவில் இருக்கிற மாதிரி தெரியும் கார்டு, அளந்தால் வேறு கணக்குச் சொல்கிறது.

கடைசியாக, எந்தக் குறைக்கு எவ்வளவு போகும்? பின்பக்க மூலையில் ஊசிமுனை அளவு வெள்ளை, ஹோலோவின் குறுக்கே மெல்லிய கோடு, நகம் பட்டது மாதிரி ஒரு பள்ளம். இந்த மூன்றில் எது மோசம்? துடைத்தால் ஏதாவது போகுமா?

---

பத்துக்கு_எட்டு:

சொற்களை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. விற்பனைத் தளத்தின் அளவுகோல் ஐந்தோ ஏழோ பெட்டிகள்தான். அமெரிக்கத் தளமான டிசிஜி பிளேயரில் நியர் மிண்ட், லைட்லி பிளேயிட், மாடரேட்லி பிளேயிட், ஹெவிலி பிளேயிட், டேமேஜ்டு என்று ஐந்து. அங்கே நியர் மிண்டுக்கு மேலே பெட்டியே கிடையாது. பாக்கெட்டைப் பிரித்ததும் நேராக உறைக்குள் போன கார்டும், இரண்டு மூலையில் லேசான வெள்ளை இருக்கும் கார்டும் அந்த ஒரே பெட்டிக்குள் விழும். அதனால் "என்எம்" (நியர் மிண்ட்) என்று விற்கும் கார்டு 10 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். விற்றவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. அவர் பெட்டி அவ்வளவு அகலம்.

ஐரோப்பியத் தளமான கார்ட்மார்க்கெட்டுக்குப் போனால் இன்னொரு வம்பு. அங்கே வரிசை மிண்ட், நியர் மிண்ட், எக்ஸலென்ட், குட், லைட் பிளேயிட், பிளேயிட், புவர். அமெரிக்கத் தளத்தில் "லைட்லி பிளேயிட்" என்றால் உச்சிக்கு அடுத்த படி. இங்கே "லைட் பிளேயிட்" மேலிருந்து ஐந்தாவது. பெயரைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவது நாம்தான். கார்ட்மார்க்கெட்டின் எக்ஸலென்ட்தான் ஏறக்குறைய அமெரிக்கத் தளத்தின் லைட்லி பிளேயிட்.

பி.எஸ்.ஏ வரிசை இப்படி: 10 ஜெம் மிண்ட், 9 மிண்ட், 8 நியர் மிண்ட்-மிண்ட், 7 நியர் மிண்ட், 6 எக்ஸலென்ட்-மிண்ட், 5 எக்ஸலென்ட், 4 வெரி குட்-எக்ஸலென்ட், 3 வெரி குட், 2 குட், 1.5 ஃபேர், 1 புவர். 2008-ல் அரைப் புள்ளிகளைச் சேர்த்தார்கள். ஆனால் 8.5-க்கு மேல் அரை கிடையாது, பி.எஸ்.ஏ 9.5 என்று யாராவது எழுதியிருந்தால் தள்ளி நில்லுங்கள். 9.5 இருப்பது பெக்கெட் என்ற இன்னொரு கிரேடிங் நிறுவனத்தில். சிஜிசி என்ற நிறுவனத்திலும் உண்டு, ஆனால் 2023-ல் அவர்கள் பெயர்களை மாற்றினார்கள்: முன்பு 9.5-தான் ஜெம் மிண்ட், இப்போது ஜெம் மிண்ட் என்பது 10, 9.5 என்பது மிண்ட் பிளஸ், எல்லாவற்றுக்கும் மேலே பிரிஸ்டீன் 10. பழைய லேபிளையும் புதிய லேபிளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

"பாக்கெட் ஃப்ரெஷ்" என்பது ஒரு தரமே அல்ல. பாக்கெட்டுக்குள்ளிருந்தே 7 ஆக வெளியே வரும் கார்டுகள் நிறைய.

---

சாய்வெளிச்சம்:

எண்ணைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். கிரேடு சராசரி இல்லை. மேற்பரப்பு, மூலை, ஓரம், சென்டரிங் என்ற நான்கில் மூன்று அம்சம் அப்பழுக்கில்லாமல் இருந்து நான்காவது 6 என்றால், கார்டு 9-க்குப் போகாது. 6-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதனால் சோதிக்கும்போது "எவ்வளவு நன்றாக இருக்கிறது" என்று பார்க்காமல் "எது இதைக் கீழே இழுக்கும்" என்று தேடுங்கள். தேடும் வரிசையும் முக்கியம். பலர் சென்டரிங்கில் தொடங்குவார்கள், அளப்பதற்கு சுவாரசியமாக இருக்கிறதே என்று. நான் சொல்வது மேற்பரப்பு முதலில். பள்ளம் ஒன்று கண்ணில் பட்டால் மீதி மூன்றையும் அளக்க வேண்டிய வேலையே மிச்சம்.

மேற்பரப்பு. அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு வெள்ளை எல்இடி விளக்கு. கார்டுக்கு நேர் மேலே பிடித்தால் எதுவும் தெரியாது. வெளிச்சம் கார்டின் தளத்தோடு சுமார் 15 முதல் 30 டிகிரி சாய்வில் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். கார்டை ஓரங்களில் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். பிறகு 90 டிகிரி திருப்பி மறுபடியும் ஆட்டுங்கள். கீறல் வெளிச்சம் வரும் திசைக்கு இணையாக இருந்தால் மறைந்துவிடும், குறுக்காக இருந்தால்தான் பளிச்சென்று தெரியும். திருப்பாமல் ஒரே பக்கம் பார்த்துவிட்டு "சுத்தம்" என்று சொல்வதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பின்பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். பள்ளம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் சிக்கும்.

நீங்கள் கேட்ட மூன்றில் மோசம் பள்ளம்தான், சந்தேகமே வேண்டாம். அட்டையின் நார் நசுங்கிவிட்டது, அது திரும்பாது. சின்னதாக இருந்தாலும் பெரும்பாலும் 7-க்குக் கீழே இழுக்கும். சாய்த்தால்தான் தெரியும் என்ற ரகத்துக்கு 8 கிடைத்தால் அதிர்ஷ்டம். வளைய ஃபைலில் வைத்த கார்டுகளில், உள்பக்க வரிசைக் கார்டின் ஓரத்துக்குச் சற்று உள்ளே வளையம் அழுத்திய கோடு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். மடிப்பு இதைவிட மோசம். பி.எஸ்.ஏ விளக்கத்தில் லேசான மடிப்பு என்ற சொல்லே 4-ல்தான் வருகிறது.

ஹோலோவின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை நேராகப் போகும் மெல்லிய கோடு அநேகமாகப் பிரிண்ட் லைன். அச்சு உருளையில் வந்தது. கீறல் இப்படி நேராகப் போகாது. பாதியில் தொடங்கும், வளையும், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கூட்டமாக இருக்கும். "இது ஆலையிலேயே வந்த குறை, என் தப்பில்லையே" என்று வாதாடுவார்கள். கிரேடு போடுபவருக்கு யார் செய்தது என்பது கேள்வியே இல்லை, கார்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 10-ல் கூட சிறு அச்சுக் குறை ஒன்றைப் பொறுத்துக்கொள்ள விதியில் இடமுண்டு, ஒட்டுமொத்தத் தோற்றத்தைக் கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். சாய்த்தால் மட்டும் தெரியும் ஒற்றைக் கோடு என்றால் 9-ஐ எதிர்பார்க்கலாம். நேராகப் பார்க்கும்போதே படத்தின் மேல் தெரிந்தால் 8, அதற்கும் கீழே.

மூலையும் ஓரமும். கறுப்புத் துணி மேல் வைத்துப் பாருங்கள், முனை மழுங்கியிருந்தால் அந்தப் பின்னணியில் உருவம் தெளிவாகத் தெரியும். முதலில் வெறும் கண், அப்புறம்தான் 10 மடங்கு லூப் (உருப்பெருக்கி). லூப்பை முதலிலேயே எடுத்தால் எல்லாக் கார்டும் குப்பையாகத்தான் தெரியும். கண்ணில் பட்டதை இன்னதென்று உறுதி செய்யத்தான் லூப். எட்டு மூலை: முன்னால் நான்கு, பின்னால் நான்கு. போகிமானில் முன்பக்க மஞ்சளில் ஒளிந்துகொள்ளும் வெள்ளை, பின்பக்க நீலத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஓரத்தை அங்கேதான் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவில் ஒரே ஒரு புள்ளி என்றால் 9 சாத்தியம். இரண்டு மூன்று மூலைகளில் இருந்தால் 8. ஓரம் நெடுக வரிசையாகப் புள்ளிகள் என்றால் 7, 6.

கார்டு பிடிக்கப் பருத்திக் கையுறை வேண்டாம். நூல் மூலையில் மாட்டி இழுக்கும். கழுவி நன்றாக உலர்ந்த வெறும் கையே போதும். கீழே ஒரு மெத்தென்ற விரிப்பு இருக்கட்டும். விழுந்தால் மூலைதான் முதலில் தரையைத் தொடும்.

சென்டரிங். ஒரு திசையில் இருக்கும் இரண்டு பார்டரையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் பெரிய பார்டரை வகுக்க வேண்டும். கார்டின் மொத்த அகலத்தால் இல்லை. கார்டை உறையிலிருந்து எடுத்து ஸ்கேனரில் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து பிக்ஸல் எண்ணுவதுதான் எளிது. ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 24 பிக்ஸல் கிடைக்கும். கண்ணாடி மேல் கார்டை இழுக்காமல் தூக்கி எடுங்கள். போன் கேமரா வேண்டாம், ஒரு டிகிரி சாய்ந்தாலே ஒரு பக்கம் பெரிதாகிவிடும். வெர்னியர் காலிப்பர் தாடையைக் கார்டின் ஓரத்தில் வைத்து அழுத்தி அளப்பவர்களைக் கண்டிருக்கிறேன். சென்டரிங் தெரிந்துகொண்டு ஓரத்தை இழப்பது அது.

உதாரணம்: இடது 81 பிக்ஸல், வலது 61. கூட்டினால் 142. 81-ஐ 142-ஆல் வகுத்தால் 57 சதவீதம், ஆக 57/43. மேலே 70, கீழே 74 என்றால் 51/49. கணக்கில் எடுப்பது இரண்டில் மோசமானதை. இந்தக் கார்டு முன்பக்கத்தில் 57/43.

கண்ணுக்கு நடுவில் தெரிந்து அளவில் தவறுவதற்குக் காரணம் பார்டரின் அகலம். வெட்டும் இயந்திரம் 0.3 மி.மீ. நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். பார்டர் பக்கத்துக்கு 3 மி.மீ. இருந்தால் 3.3-ம் 2.7-ம், அதாவது 55/45. பார்டர் 1 மி.மீ. மட்டும் இருந்தால் அதே நகர்வு 1.3-ம் 0.7-ம், அதாவது 65/35! ஒரே பிழை, ஒன்று தப்பிக்கிறது, இன்னொன்று மாட்டிக்கொள்கிறது. குறுகிய பார்டர் உள்ள செட்டுகளில் 10 அரிதாக இருப்பதற்கு இது பெரிய காரணம்.

ஒவ்வொரு பார்டரையும் இரண்டு முனையிலும் அளங்கள். இடது பார்டர் மேலே 3 மி.மீ., கீழே 2.2 மி.மீ. என்று வந்தால் கார்டு சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. நடுவில் மட்டும் அளந்தால் இது பிடிபடாது. பார்டரே இல்லாத முழுப்பட கார்டுகளில் எழுத்துப் பெட்டி, பெயர்ப் பட்டை போன்றவை ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று பாருங்கள். பின்பக்கத்துக்கு வழக்கம்போல அளக்கலாம்.

பி.எஸ்.ஏ 10-க்கு முன்பக்கம் 60/40 வரை, பின்பக்கம் 75/25 வரை. 9-க்குப் பின்பக்கம் 90/10 வரை கூட விடுவார்கள்.

துடைப்பது. விரல் ரேகை போகும். உலர்ந்த, புதிய மைக்ரோஃபைபர் துணி, அழுத்தமே இல்லாமல், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில். முதலில் தூசியை ஊதுபந்தால் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூசியே உப்புத்தாள் வேலை செய்யும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். திரவம், மெழுகு, பாலிஷ் எதுவும் கூடாது. கீறலை நிரப்பும் பாலிஷ், பள்ளத்தைச் சரிசெய்ய வைக்கும் ஈரமும் அழுத்தமும், இரண்டும் கார்டை மாற்றியமைத்த கணக்கில் போய்ச் சேரும்.

---

பத்துக்கு_எட்டு:

ஒரு திருத்தம். 60/40 பழைய வாசகம். 2025-ல் பி.எஸ்.ஏ தன் பக்கத்தில் 10-க்கான முன்பக்க அளவை 55/45 என்று இறுக்கிவிட்டது. பின்பக்கம் 75/25 அப்படியே. இப்போது தோராயமாக 9-க்கு 60/40, 8-க்கு 65/35, 7-க்கு 70/30 என்று மனதில் வைத்து வடிகட்டினால் ஏமாற்றம் குறையும். அதாவது மேலே உள்ள 57/43 உதாரணம் முன்பு 10-க்கு வாய்ப்புள்ளது, இன்று இல்லை.

---

சாய்வெளிச்சம்:

சரிதான், நன்றி. பழைய ஸ்லாபில் 10 என்று இருக்கும் கார்டை அளந்து "நம்முடையதும் இப்படித்தானே" என்று அனுப்பக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

---

மஞ்சள்பார்டர்:

மிகவும் தெளிவாக இருக்கிறது, நன்றி. இன்னும் இரண்டு. ஹோலோ கார்டுகள் சில வில்லாக வளைந்திருக்கின்றன, அதற்கும் புள்ளி போகுமா? பழைய பேஸ்பால் கார்டுகளில் சிலவற்றின் ஓரம் ரம்பம் போட்டது மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது, சிலவற்றில் மிகவும் நேராகக் கத்தி போட்டது மாதிரி இருக்கிறது. எதைச் சந்தேகிப்பது?

---

பழையகட்டு:

நேராக இருப்பதைச் சந்தேகியுங்கள்.

கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனக் கார்டுகளில் சொரசொர ஓரம் சாதாரணம். தாளைக் கம்பியால் வெட்டினார்கள், அதனால் நார் பிய்ந்து நிற்கும். அதற்காகக் கிரேடு பெரிதாகக் குறைவதில்லை. ஓரம் பின்னால் வெட்டப்படவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி என்றே அனுபவமுள்ளவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதே செட்டில் ஒரு கார்டு மட்டும் மூன்று பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி என்றால் மணி அடிக்க வேண்டும்.

ஓரம் வெட்டியதைக் கண்டுபிடிக்க முதல் சோதனை அளவு. 1957-லிருந்து டாப்ஸ் நிறுவனத்தின் பேஸ்பால் கார்டு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், அதாவது 63.5 × 88.9 மி.மீ. 1952 டாப்ஸ் அதைவிடப் பெரியது, 66.7 × 95.3 மி.மீ. அளவில். விளையாட்டுக் கார்டுகளில் போகிமானும் மேஜிக்கும் 63 × 88, யூகியோ 59 × 86. ஒரு செட்டின் அளவுகோலை இன்னொன்றுக்குப் பிடித்துவிட்டு "குறைகிறது" என்று பதறாதீர்கள். அளவு சற்றுக் குறைந்தாலும் அதுவே குற்றத்துக்கு ஆதாரம் ஆகாது, ஆலையிலேயே சின்னதாக வெட்டுப்பட்ட கார்டுகள் உண்டு. ஆனால் அவையும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் எண் இல்லாமல் திரும்பி வரும்.

இரண்டாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. அதே செட்டின் பத்துப் பதினைந்து சாதாரணக் கார்டுகளுக்கு நடுவே சந்தேகக் கார்டை வைத்து, கட்டை மெதுவாகத் தட்டிச் சமப்படுத்தி, பக்கவாட்டில் பாருங்கள். வெட்டிய கார்டு ஒரு பள்ளமாக உள்ளே போய்விடும். நிறமும் பாருங்கள்: ஐம்பது ஆண்டு காற்றுப்பட்ட ஓரங்கள் மங்கலான பழுப்பு, நேற்று வெட்டிய ஓரம் மட்டும் வெளேரென்று இருக்கும். நெடுக வெட்டும்போது கத்தி கடைசியில் லேசாக விலகும், அதனால் மூலை கொக்கி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

அளவும் ஓரமும் அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு: பி.எஸ்.ஏ 1991-ல் தொடங்கியபோது முதலில் கிரேடு போட்ட கார்டு, டி206 என்ற பழைய செட்டில் வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னருடையது. 8 கொடுத்தார்கள். 2013-ல் அதன் ஓரத்தை வெட்டியது தானே என்று அதை முன்பு விற்ற ஏலக்காரர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஸ்லாபுக்குள் இருப்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகிவிடாது.

கறுப்பு பார்டர் கார்டுகளில் இன்னொரு வேலை நடக்கும். 1971 டாப்ஸ் செட்டின் கறுப்பு ஓரம் தொட்டாலே உதிரும், உள்ளே வெள்ளை தெரியும். ஆகவே மார்க்கரால் பூசிவிடுவார்கள். மேஜிக்கின் பழைய கறுப்பு பார்டர்களிலும் இதே கதை. முகத்தைப் பார்த்தால் தெரியாது. கார்டைப் பக்கவாட்டில், அதாவது அட்டையின் தடிமனைப் பாருங்கள். நடுப்பகுதி வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்க வேண்டும். மை நாருக்குள் ஊறி அங்கங்கே கறுத்திருந்தால் பூசியிருக்கிறார்கள். சாய்வெளிச்சத்தில் அச்சு மையின் பளபளப்புக்கும் மார்க்கரின் பளபளப்புக்கும் வித்தியாசம் தெரியும்.

புறஊதா விளக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ப்பது 1940-களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் பரவியது. அதற்கு முந்தைய கார்டு என்று சொல்லிக் கொடுப்பது அந்த விளக்கில் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் மறுபதிப்பு. ஒளிராவிட்டால் அசல் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்; பழைய காகிதத்தில் புதிதாக அச்சடிக்கவும் முடியும்.

இப்படி மாற்றியமைத்ததாகத் தெரிந்தால் எண் வராது. திருப்பி அனுப்புவார்கள், அல்லது நீங்கள் கேட்டுக்கொண்டால் "அசல், மாற்றப்பட்டது" என்ற பொருளில் லேபிள் போடுவார்கள்.

பழைய கார்டில் இன்னும் சில குறைகள், புதியதில் வராதவை: பின்பக்கம் மெழுகுத்தாள் பட்ட கறை, சூயிங்கம் ஒட்டியிருந்த கறை, வெள்ளை பார்டர் பழுப்படித்தது, அச்சில் படம் விலகி மங்கலாக இருப்பது. பின்பக்கத்தில் மிக லேசான மெழுகுக் கறை 9-லேயே அனுமதி. ஆனால் 9-ல் ஒரு சிறு குறைதான் இருக்கலாம், இரண்டு கூடாது. பி.எஸ்.ஏ-வில் இப்படி ஒரே ஒரு அம்சம் மட்டும் கெட்டுப்போன கார்டுக்கு எண்ணோடு ஒரு குறிப்பையும் சேர்ப்பார்கள்: சென்டரிங் தவறியது, கறை, அச்சுக் குறை, மங்கல் படம், எழுதிய குறி, தவறான வெட்டு என்று ஆறு. குறிப்பு வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே சொல்லலாம்; அப்போது எண் நேராகக் கீழே இறங்கும், பொதுவாக இரண்டு படி. சென்டரிங் தவறிய 9-ஐ வாங்குபவர்களும் ஏறக்குறைய சாதாரண 7 என்று நினைத்துத்தான் பார்க்கிறார்கள்.

---

சாய்வெளிச்சம்:

வளைவு பற்றி: ஃபாயில் கார்டில் ஒரு பக்கம் உலோகப் படலம், மறுபக்கம் காகிதம். காற்றில் ஈரம் கூடினால் காகிதம் உப்பும், படலம் உப்பாது. கார்டு படம் இருக்கும் பக்கமாகக் குவியும். வறண்டால் நேர்மாறு. லேசான வளைவுக்கென்று தனியாகப் புள்ளி போவது அரிது. கையால் எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்துவதுதான் ஆபத்து, படலத்தில் மயிரிழை வெடிப்பு விழும், அது மேற்பரப்புக் குறை. ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் மூடிய பெட்டியில் சில வாரம் விட்டால் பெரும்பாலும் தானாகவே அடங்கும். ஈரப்பதத்தை அப்படி நிலையாக வைக்கும் இருவழிப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. சிலிகா ஜெல்லைக் கைநிறையக் கொட்டினால் ஒரேயடியாக வறண்டு மறுபக்கம் வளையும்.

---

மஞ்சள்பார்டர்:

அப்படியானால் முன்பக்கம் 57/43, பின்பக்கம் ஒரே ஒரு மூலையில் வெள்ளைப் புள்ளி, மேற்பரப்பு சுத்தம் என்றால் என்ன எதிர்பார்க்கலாம்? பி.எஸ்.ஏ-வா பெக்கெட்டா?

---

பத்துக்கு_எட்டு:

பி.எஸ்.ஏ-வில் 10-ஐ மறந்துவிடலாம். 57/43 என்பது 9-க்கான எல்லைக்குள் இருக்கிறது, அதனால் அங்கே அது குறையாகவே கணக்கில் வராது. மிச்சம் அந்த ஒரு புள்ளி. 9 நியாயமான எதிர்பார்ப்பு, கண்டிப்பானவர் கையில் விழுந்தால் 8. புள்ளி இன்னொரு மூலையிலும் இருந்தால் 8 என்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெக்கெட்டில் சென்டரிங், மூலை, ஓரம், மேற்பரப்பு நான்குக்கும் தனித்தனி எண் உண்டு. சென்டரிங்கில் 9 வேண்டுமென்றாலே முன்பக்கம் இரண்டு திசையிலும் 55/45 தேவை, ஆகவே உங்கள் கார்டுக்கு அந்த எண் 9-க்குக் கீழே வரும். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்துப் பார்க்காதீர்கள். 9.5, 9.5, 9.5, 9 என்றால் மொத்தம் 9.5 வரும், அந்த 9 இடத்தில் 8.5 இருந்தால் 9.5 வராது. நான்கும் 10 என்றால்தான் கறுப்பு லேபிள், அது அவர்களுடைய உச்சம். மேற்பரப்பும் மூலைகளும் அபாரமாக இருந்து சென்டரிங்கும் ஊசிமுனைக் கணக்கில் நடுவில் நிற்கும் கார்டுக்கு அது பொருந்தும். உங்களுடையது அது இல்லை. பி.எஸ்.ஏ-வுக்கே அனுப்புங்கள்.

---

பழையகட்டு:

அனுப்பும்போது ஒன்று. 9 ஆக இருந்த கார்டு 8 ஆவது பெரும்பாலும் உறைக்குள் போடும் அந்த இரண்டு நொடியில்தான். புதிய பென்னி ஸ்லீவ் (மெல்லிய பிளாஸ்டிக் உறை) எடுத்து, வாயின் ஒரு மூலையைக் கத்தரியால் இரண்டு மூன்று மி.மீ. சாய்வாக வெட்டிவிடுங்கள், கார்டின் மூலை பிளாஸ்டிக் விளிம்பில் இடிக்காமல் வழுக்கி உள்ளே போகும். பழைய ஸ்லீவ் வேண்டாம், உள்ளே இருக்கும் மணல்துகள் ஹோலோவைக் கோடு போட்டுவிடும். ஸ்லீவின் தலையில் பெயிண்டர் டேப் ஒரு சின்னத் துண்டு, இரண்டு சென்டிமீட்டர் போதும், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பிடித்து இழுக்க வசதி. செல்லோடேப் ஒட்டினால் எடுக்கும்போது பசை எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

பிறகு வளையும் செமி-ரிஜிட் உறை, கார்டு சேவர் 1 அளவு. டாப்லோடர் (கெட்டியான பிளாஸ்டிக் உறை) இதற்கு வேண்டாம். இறுக்கமாக இருக்கும், அங்கே யாரோ ஒருவர் கார்டை உருவி எடுக்க வேண்டும். செமி-ரிஜிட்டின் இரு பக்கத்தையும் லேசாக அழுத்தினால் வாய் திறக்கும், ஸ்லீவைப் பிடித்து இறக்குங்கள், கார்டின் தலையில் விரல் வைத்துத் தள்ளாதீர்கள். விண்ணப்பத்தில் எழுதிய அதே வரிசையில் அடுக்கி, இரு பக்கமும் உறையைவிடச் சற்றுப் பெரிய அட்டை வைத்து, அட்டையின் மேல் இரண்டு ரப்பர் பேண்ட். அட்டை வளைகிற அளவுக்கு இறுக்கினால் உள்ளே இருக்கும் கார்டும் வளையும். பெட்டியை மூடிக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வந்தால் இன்னும் காகிதம் திணிக்க வேண்டும்.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு கார்டின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கணித்த எண்ணையும் அதோடு எழுதி வையுங்கள். வந்த எண் மாறினால் எந்த மூலையைத் தவற விட்டீர்கள் என்று அந்தப் படத்தில்தான் தேட முடியும்.